படிப்பு, கேள்வி, சாமி: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சனிக்கிழமை மாலைகளில் பெற்றோர், ஆசிரியர், மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் என இருபது முப்பது பேர் கூடிப் பேசுகிறோம். நான் நீலகிரியின் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தேர்வு, வேலை, காட்டுமாடு, தேயிலை விலை என்று பேச்சு எங்கே தொடங்கினாலும், படிப்புக்கும் சாமிக்கும் என்ன உறவு என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் பலர் என்னைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தத் திருத்தங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன.

படிக்கப் படிக்கக் கடவுள் நம்பிக்கை குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

சில இடங்களில் குறைந்திருக்கிறது, சில இடங்களில் இல்லை. கனடாவின் மாகாணங்கள் கட்டாயக் கல்விக்கான வயதை உயர்த்தியபோது என்ன நடந்தது என்பதைப் பொருளியலாளர் டேனியல் ஹங்கர்மன் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். சட்டத்தால் ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தவர்களிடையே, பின்னாளில் தமக்கு மதம் எதுவும் இல்லை என்று சொன்னோரின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. துருக்கியில் 1997இல் கட்டாயக் கல்வி ஐந்து ஆண்டிலிருந்து எட்டு ஆண்டாக உயர்ந்தது. அங்கும் பெண்களிடையே மதப் பற்று சற்றுத் தளர்ந்ததாகக் கண்டார்கள். அமெரிக்காவின் கதை வேறு. 'மதம் என் வாழ்வில் மிக முக்கியம்' என்று சொல்வோர் பட்டதாரிகளிடையே குறைவுதான். ஆனால் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளும் பட்டதாரிகள், குறைவாகப் படித்த கிறிஸ்தவர்கள் போகும் அளவுக்கு ஆலயத்துக்குப் போகிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2017இல் தெரிவித்தது.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே எழுத்தறிவு 80 சதவீதம். அதனால் பழனிப் பாதயாத்திரையிலும் சபரிமலைப் பயணத்திலும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும் கூட்டம் குறைந்தது என்று சொன்னவர் யாரும் எங்கள் கூட்டத்தில் இல்லை.

இதில் ஒரு கிளைக்கதையைச் சொல்லியாக வேண்டும். 2012இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கனடாவில் அறுபதுக்கும் குறைவான மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரோடானின் 'சிந்தனையாளன்' சிலையின் படத்தையும் மற்றப் பிரிவுக்கு வட்டெறியும் வீரனின் சிலைப் படத்தையும் காட்டினார்கள். சிந்தனையாளனைப் பார்த்தவர்களிடம் கடவுள் நம்பிக்கை குறைந்ததாம். உலகம் முழுவதும் பகுத்தறிவாளர்கள் அந்தச் செய்தியைக் கொண்டாடினார்கள். நானும் ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு வேறு ஆய்வாளர்கள் பல நூறு பேரை வைத்து அதே சோதனையைச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2018இல் 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, ஆராய்ந்து சிந்திப்பதற்கும் நாத்திகத்துக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது, நாட்டுக்கு நாடு மாறுவது என்று கண்டது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வில் ஜெர்வேயும் ஒருவர். தன் புகழ்பெற்ற முடிவைத் தானே சோதனைக்குக் கொண்டுவந்த அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை. சோதித்துப் பார்க்காமல் மகிழ்ந்த என்மேல் அன்று எனக்கு வருத்தம் உண்டானது. எனக்குப் பிடித்த முடிவு என்பதற்காக நம்பியிருந்தேன்.

பள்ளிக்கூடம் போனால் ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கம் தானே வந்துவிடாதா?

வராது. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, வாழ்நாளின் பாதியை அங்கேதான் கழித்தேன்.

பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பேன்: பூமி உருண்டை என்று ஏன் நம்புகிறீர்கள்? 'புத்தகத்தில் போட்டிருக்கிறது' என்பார்கள். இன்னும் நேர்மையான ஒரு பிள்ளை, 'நீங்கள்தானே சொன்னீர்கள், டீச்சர்' என்று சொல்லும். பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னதால் நம்புவதற்கும், டீச்சர் சொன்னதை டீச்சர் சொன்னதால் நம்புவதற்கும் நம்பும் விதத்தில் வேறுபாடு இல்லை. சந்திர கிரகணத்தில் நிலவின்மேல் விழும் பூமியின் நிழல் விளிம்பு எப்போதும் வளைந்தே இருக்கிறது என்பதைப் பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தாலும் வட்ட நிழல் தரும் பொருள் எது என்று யோசித்து உருண்டை என்ற முடிவுக்கு வரும் பிள்ளைதான் கற்றுக்கொண்டது. ஒரே மதிப்பெண்தான் இருவருக்கும். நம் தேர்வுமுறைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பாடநூல்களில் இதை விமர்சனச் சிந்தனை என்கிறார்கள். நான் 'நின்று பார்க்கும் பழக்கம்' என்றே சொல்லிவந்தேன். ஒரு கணக்கு: ஒரு பொட்டலம் தேயிலையும் ஒரு வர்க்கியும் சேர்ந்து 110 ரூபாய். தேயிலை, வர்க்கியைவிட 100 ரூபாய் அதிகம். வர்க்கி எவ்வளவு? பத்து ரூபாய் என்று மனம் முந்திக்கொள்ளும். பத்து என்றால் தேயிலை 110, இரண்டும் சேர்ந்து 120 ஆகிவிடும். விடை ஐந்து. ஷேன் ஃபிரெடரிக் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட மூன்று கேள்விச் சோதனையில் மட்டையும் பந்துமாக இருந்த கணக்கு இது. ஊருக்கேற்ப நான் மாற்றிக்கொண்டேன். முதலில் தோன்றிய விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நிற்பது, அதைப் போட்டுப் பார்ப்பது: முழுப் பழக்கமும் அவ்வளவுதான். ஆனால் நம் விருப்பமும் அச்சமும் கலந்த கேள்விகளில் அந்த ஒரு நொடி நிற்பது மிகக் கடினம்.

பெரிய விஞ்ஞானிகளே கோவிலுக்குப் போகிறார்களே? ராக்கெட் விடுமுன் திருப்பதிக்குப் போவதைப் பார்க்கிறோமே?

போகிறார்கள். ஆனால் ராக்கெட்டின் எரிபொருள் கணக்கைத் திருப்பதியில் சரிபார்ப்பதில்லை. எந்த வேலையை எங்கே செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1979இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் அப்துஸ் சலாம் தொழுகை தவறாத இஸ்லாமியர். ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் தனித்தனியாக ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்: மின்காந்த விசையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையும் அடிப்படையில் ஒன்றே என்பது அது. அந்தச் சமன்பாடுகளைப் பார்த்து எது நம்புகிறவருடையது, எது நம்பாதவருடையது என்று யாரும் பிரிக்க முடியாது.

பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கேதான் 1909இல் கண்டுபிடித்தார். தைப்பொங்கலன்று அதே ஊரில் அதே சூரியனைப் பார்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். பொங்கல் பானை சூரியனைப் பற்றி ஒரு தகவலும் சொல்லவில்லை, அது நன்றி சொல்கிறது. ஆகவே இரண்டும் மோதவில்லை. 'சூரியன் ஏழு குதிரை பூட்டிய தேரில் மெய்யாகவே வருகிறான்' என்று ஒருவர் வகுப்பில் பாடமாகச் சொன்னால் அப்போது மோதும்.

நாய்க்கடிக்கு மந்திரித்துப் பிழைத்தவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். அதை எப்படி மறுப்பீர்கள்?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமானது இது. இங்கே தவறாக யோசித்தால் ஒரு பிள்ளை செத்துப்போகும்.

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. அவர்கள் பிழைத்தது உண்மை. மந்திரத்தால் பிழைத்தார்களா என்பதுதான் கேள்வி. நூறு பேரை நாய் கடித்தது என்று வைத்துக்கொள்வோம். கடித்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி இருந்திருக்காது. குட்டியைக் காக்கவோ, மிதிபட்டோ, பயந்தோ கடித்தவை அவை. வெறிநாயே கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. காயத்தின் ஆழமும் இடமும், உள்ளே போன உமிழ்நீரின் அளவும் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த நூறு பேரும் மந்திரித்துக்கொண்டால் மிகப் பெரும்பாலோர் நலமாகத் திரும்புவார்கள். மந்திரிக்காமல் வீட்டில் படுத்திருந்தாலும் அதே எண்ணிக்கைதான் நலமாக இருந்திருக்கும். பிழைத்தவர் ஒவ்வொருவரும் ஊரில் நடமாடும் சாட்சி. இறந்த ஓரிருவர் வந்து சாட்சி சொல்வதில்லை. அவர்களுக்கு நோய் வெளிப்பட்டதும் உடனே அல்ல, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து, சிலருக்கு ஓராண்டுக்கும் பிறகு. அதற்குள் மந்திரித்தவர் நல்ல பெயர் வாங்கியிருப்பார். இறப்புக்கு வேறு காரணம் சொல்லப்படும், பத்தியம் காக்கவில்லை என்பார்கள்.

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு மேலேறும் பாதையில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காகவே 1907இல் தொடங்கப்பட்டது. தென்னிந்தியா முழுவதிலிருந்தும் கடிபட்டவர்கள் இந்த மலைக்கு ஏறி வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நிறுவனத்தின் மதிலைத் தாண்டி மந்திரிக்கப் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

என் வகுப்பில் எட்டாவது படித்த ஒரு பையனைக் கெண்டைக்காலில் நாய் கடித்தது. மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். காலில் பச்சிலை கட்டி, கையில் கயிறு கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அவன் பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். 'கயிறு அப்படியே இருக்கட்டும், அம்மா. ஊசியும் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம்' என்றேன். பாட்டி என்னோடே அரசு மருத்துவமனைக்கு வந்தார். பையன் இன்று லாரி ஓட்டுகிறான்.

இந்தக் கதையை நான் தடுப்பூசிக்குச் சான்றாகச் சொல்ல மாட்டேன். அவனைக் கடித்த நாயை யாரும் சோதிக்கவில்லை. ஊசி இல்லாமலும் அவன் பிழைத்திருக்கலாம். பாட்டியின் கயிற்றுக்கு நான் வைக்கும் அளவுகோலை என் ஊசிக்கும் வைக்க வேண்டும். ஊசியை நான் நம்புவது இந்த ஒரு பையனால் அல்ல. 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டதிலிருந்து இதுவரை, வெறி உறுதிசெய்யப்பட்ட விலங்குகளால் கடிபட்ட ஏராளமானவர்களைக் கணக்கில் எழுதி, ஊசி போட்டவர்களில் எத்தனை பேர், போடாதவர்களில் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மந்திரத்துக்கு அப்படி ஒரு கணக்கேடு கிடையாது.

செய்ய வேண்டியது: காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மருத்துவர் குறித்துக் கொடுக்கும் எல்லா நாளிலும் ஊசி போட்டு முடியுங்கள். ஆழமான காயமென்றால் அதற்கான தனி மருந்தும் காயத்திலேயே செலுத்துவார்கள். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

அம்மை வந்தால் மருத்துவரிடம் போவது தெய்வக் குற்றமா?

இல்லை. பெரியம்மை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் அதன் கடைசி நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1980இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார அமைப்பு அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. நோய் போனதால் மாரியம்மன் போய்விட்டாளா? குன்னூர் தந்தி மாரியம்மன் தேர் இன்றும் சித்திரையில் ஊரே திரண்டு வர ஓடுகிறது. நோயும் தெய்வமும் ஒன்று என்று நினைத்திருந்தோம். ஒன்று ஒழிந்த பிறகும் மற்றது நிற்கிறது என்றால், அந்தப் பெண் தெய்வத்திடம் நாம் கொண்டிருந்தது நோய்ப் பயத்தைவிடப் பெரிய ஏதோ ஓர் உறவு.

வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது, வெளியாள் வராமல் இருப்பது, தாளிக்காத எளிய உணவு, நோயாளியைத் தனியே படுக்கவைப்பது: இவற்றில் சின்னம்மைக்குத் தீங்கானது ஒன்றுமில்லை, தனிமைப்படுத்துவது நல்லதும்கூட. தீங்கு வருவது 'ஆஸ்பத்திரிக்குப் போகாதே' என்ற ஒரு வரியில். கர்ப்பிணி, பிறந்த குழந்தை, பெரியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் ஆகியோரை வேப்பிலையோடேயே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம்தானே? அதை ஏன் கேள்வி கேட்க வேண்டும்?

அதன் விலையை நம்புகிறவரே கொடுக்கும்வரை சொந்த விஷயம். நீங்கள் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் பசி உங்களுடையது. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஆனால் நம்புகிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் வேறொருவர் என்றும் ஆனதுண்டு. 1835இல் இந்த மலையில் குறும்பர் என்ற பழங்குடியினரில் 48 பேர் கொல்லப்பட்டார்கள். 1875இலும் 1882இலும் மீண்டும் கொலைகள் நடந்தன. 1900இல் ஒரு குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டது. அந்தக் குடும்பத் தலைவர் வைத்தியம் அறிந்தவர் என்று பெயர் பெற்றவர். அவரால்தான் ஊருக்கு நோயும் சாவும் வந்தன என்று அக்கம்பக்கத்து ஊரார் நம்பினார்கள். ஆங்கிலேய ஆட்சிக்காலப் பதிவுகளில் இவை இருக்கின்றன. நம் பள்ளிப் பாடத்தில் இல்லை. பாறைச் செங்குத்தில் இறங்கித் தேனெடுக்கவும் மூலிகை அறியவும் தெரிந்த ஒரு சிறு மக்கள் கூட்டம், சூனியக்காரர்கள் என்ற பெயரைச் சுமந்ததற்காகச் செத்தது.

கொன்றவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைகள் காய்ச்சலில் இறந்தது உண்மை, துக்கம் உண்மை. காரணம் தெரியாத துக்கம் ஓர் ஆளைத் தேடியது. 'இவர்தான் என்று எப்படித் தெரியும்? இவர் வராத ஊரில் காய்ச்சலில் யாரும் சாகவில்லையா?' என்று கேட்க அன்று ஒருவர் இருந்திருந்தால்! அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஆசிரியராக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டம் பெற்றவர்கள் வீட்டிலும் இன்று இது வேறு உருவில் இருக்கிறது. தோட்டம் நட்டமானால் செய்வினை, மருமகள் கருத்தரிக்காவிட்டால் அவள் ராசி, மாதவிடாய் நாளில் பெண்பிள்ளை திண்ணையில். இவை ஒவ்வொன்றிலும் நம்புகிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் இன்னொருவர். அங்கே கேள்வி கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நான் ஏற்க மாட்டேன்.

ஆசிரியர் தன் பக்தியையோ நாத்திகத்தையோ வகுப்பில் பேசலாமா?

முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976இல் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு சொல்கிறது. மனச்சான்றின் சுதந்திரத்தை 25ஆம் பிரிவு தருகிறது. மூன்றையும் ஒன்றாகப் படித்தால் ஆசிரியரின் எல்லை தெரிந்துவிடும்.

சட்டத்தைவிட எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தவறு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் கறுப்புக் கயிறு கட்டி வந்திருந்தான். 'இது உனக்குக் கணக்கு சொல்லித் தருமா?' என்று வகுப்பின்முன் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கத்தரிக்கோல் கொடுத்து வெட்டச் சொன்னேன், வெட்டினான். பகுத்தறிவு ஊட்டிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். அவன் தங்கை காய்ச்சலில் கிடந்தபோது அவன் அம்மா கட்டிய கயிறு அது என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை கையைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்ட பையன், அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்க வந்தவள், கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு வர ஆறு ஆண்டுகள் ஆயின.

அறிவியல் மனப்பான்மை என்பது மேல்நாட்டிலிருந்து வந்து நம்மேல் திணிக்கப்பட்டது இல்லையா?

இந்த வாதமே இந்த மலையோடு தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது. 1980 அக்டோபரில் அறிஞர் குழு ஒன்று இதே குன்னூரில் கூடி விவாதித்தது. அதிலிருந்து பிறந்த அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கையை பம்பாயின் நேரு மையம் 1981 ஜூலையில் வெளியிட்டது. பி. என். ஹக்சர், ராஜா ராமண்ணா, பி. எம். பார்கவா ஆகியோர் அதில் முன்னின்றவர்கள். சில மாதங்களில் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி ஒரு மறுப்பு எழுதினார். அறிவியலும் அதிகாரத்தோடும் வன்முறையோடும் கைகோத்திருக்கிறது, எளிய மக்களின் அறிவை அது மேலிருந்து பார்க்கிறது, நமக்கு வேண்டியது மனிதநேய மனப்பான்மை என்பது அவர் வாதம்.

கத்தரிக்கோல் நினைவுக்கு வரும்போதெல்லாம் நந்தி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பேன். ஆனால் எளிய மக்களின் அறிவு சோதனைக்கு அஞ்சுவதில்லை. இருளர்கள் பாம்பைப் பற்றி அறிந்திருந்தது உண்மை என்பதால்தான் 1978இல் தொடங்கிய அவர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. கேட்டுப் பார், சோதித்துப் பார் என்பது எந்த நாட்டின் சொத்தும் இல்லை. நட்ட கல்லைச் சுற்றிவருவதைப் பார்த்து நம் சித்தர்கள் கேட்காத கேள்வியா? அவர்கள் கடவுளை விட்டுவிட்டுக் கேட்டவர்களும் இல்லை.

கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கண்ணைக் காத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதுதான் ஆபத்து. சோற்றிலும் கருவிலும் கிரகணம் ஒன்றும் செய்வதில்லை.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம் நீலகிரியின்மேல் கடந்து போனது. எங்கள் தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. நான் நாலைந்து பிள்ளைகளோடு முற்றத்தில் மாவுச் சல்லடையை வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணியளவில் மஞ்சு விலகியது. சல்லடையின் துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒளி ஒரு வளையமாகத் தரையில் விழுந்தது, நூற்றுக்கணக்கான குட்டி மோதிரங்கள். பிள்ளைகளின் கூச்சல் கேட்டு எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு செருப்புகூடப் போடாமல் வந்து நின்றார். தன் உள்ளங்கையில் ஒரு மோதிரத்தை ஏந்திக்கொண்டார். அது மறையும்வரை, ஏறக்குறைய மூன்று நிமிடம், ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், 'சரி, நான் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்கிறேன்' என்று போய்விட்டார். அவர் குளித்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பதினான்கு வயது மகன் சாமி கும்பிட மாட்டேன் என்கிறான். பயமாக இருக்கிறது.

அவன் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறான். மறைக்கவில்லை. அதற்காக முதலில் மகிழுங்கள்.

அடிக்காதீர்கள், சாபம் கொடுக்காதீர்கள், 'பரீட்சையில் தெரியும்' என்று மிரட்டாதீர்கள். மிரட்டினால் கும்பிடுவான், உங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவான். எதனால் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். பல பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்கிறேன். தத்துவம் காரணமாக இருந்தது குறைவு. நண்பனைக் கோவிலுக்குள் விடாததைப் பார்த்தது, வேண்டிக்கொண்டும் அப்பா இறந்தது, இப்படி ஏதோ ஒரு காயம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். அதே நேரம் அவனுக்கும் ஒன்று சொல்லுங்கள்: உன் பாட்டி விளக்கேற்றும்போது சிரிக்காதே.

தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட்டைச் சாமி பாதத்தில் வைப்பது தவறா?

இல்லை. மனம் அமைதியாகும் என்றால் வைக்கலாம். முதல் நாள் இரவு படித்தும் இருக்க வேண்டும். தேறாத பிள்ளையிடம் 'உன் பக்தி போதவில்லை' என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

கடைசியில் நீங்கள் நம்புகிறவரா, இல்லையா?

எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. எனக்கு ஏழு வயது. கப்பலேறும்போது அம்மா பெட்டியில் லயத்து மாரியம்மன் கோவிலின் பிடிமண் இருந்தது. அந்த மண்ணை வைத்துத்தான் இங்கே எங்கள் லயத்தில் ஒரு சிறு கோவில் எழுந்தது. வீடும் நாடும் போன பிறகு அந்தப் பெண்களுக்கு மிஞ்சியிருந்தது அது.

அந்த மண் மழை தரும், நோய் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. பல ஆண்டுகள் அங்கே போகாமலும் இருந்தேன். அம்மா இறந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாவன்று, போய்க் கூழ் ஊற்ற உதவுகிறேன். கண்ணை மூடி நிற்கும்போது யாரிடம் பேசுகிறேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் என்றுதான் தோன்றுகிறது. இதை நம்பிக்கை என்பவர்கள் சொல்லட்டும், இல்லை என்பவர்களும் சொல்லட்டும். எனக்குச் சண்டையில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யார் வரலாம்?

யாரும் வரலாம். கழுத்தில் உருத்திராட்சம், சிலுவை, தலையில் தொப்பி, சட்டை கறுப்பு, எதுவும் தடையில்லை. ஒரு விதி மட்டும் உண்டு: மற்றவர் சொன்னதை அவர் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஏற்கும்படி திருப்பிச் சொன்ன பிறகே மறுக்க வேண்டும். நாலு மணிக்குத் தொடங்குவோம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஆறு மணிக்கு, பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும், நிறுத்திவிடுவோம்.